மாரியில் ஒரு வீட்டு வான்

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பமீலா குடையை விரித்துக்கொண்டு வாடகை வானை விட்டு இறங்கினாள். பாவாடையை ஒரு கையால் முழங்கால்வரை தூக்கிப் பிடித்து, கணுக்கால் தண்ணீரில் ஒவ்வோர் அடியாக வைத்து, நெற்களஞ்சியத்தைச் சுற்றி நேற்று இங்கே நிற்க இடம் கொடுத்த யோகராசாவின் வீட்டுக் கக்கூசை நோக்கி நடந்தாள். வானுக்குள்ளேயே ஒரு கக்கூசு இருந்தது. காஸ் அடுப்புக்குப் பக்கத்தில், உடுப்பு அலுமாரி மாதிரிக் கதவு போட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக்கில். புறப்பட்டு நாலு நாளாகியும் அவள் அந்தக் கதவைத் தொடவில்லை. "அலுமாரிக்குள்ள போய் இரிக்கிறதுக்கு நானென்ன கரப்பானா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

டஸ்டின் ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தபடி கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுபத்திரண்டு வயது, எண்பது கிலோ, இடது முழங்காலில் வாதம். இறங்கிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அவன் பார்வை அவளைத் தாண்டிப் போய், நேற்றுப் பின்னேரம் அவர்கள் வந்த வீதியைத் தேடியது. வீதி இல்லை. வயல் வட்டைக்கு வட்டை வரம்பு தெரியாமல் ஒரே தண்ணீர். விதைத்து ஒரு மாதமான பயிரின் நுனி அங்கங்கே கோரைப்பாய் நார் மாதிரி மேலே தெரிந்தது. அதற்கப்பால் மின்கம்பங்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போயின. களஞ்சியத்தின் நெல் காயவிடும் சீமெந்துத் தளம் மட்டும் வயலைவிட இரண்டு முழம் உயரத்தில் இருந்ததால் வான் தப்பி நின்றது.

இது யாருடைய எண்ணம் என்று கேட்டால் அமண்டாவுடையது என்று சொல்லிவிடலாம். அது பாதிதான் உண்மை. அமண்டா அவனுடைய அக்கா. மெல்பேர்னுக்குப் போய்ப் பத்தொன்பது வருடம். அங்கே நத்தார்ப் பண்டிகை நடுக் கோடையில் வரும். சனங்கள் இழுவை வீடுகளைக் காரில் கொழுவிக்கொண்டு கடற்கரைக்குப் போய், இரண்டு கிழமை அரைக் காற்சட்டையோடு இருப்பார்கள். அமண்டா வயதானவர்களைப் பராமரிக்கும் இடமொன்றில் வேலை செய்பவள். நத்தாருக்குத்தான் அங்கே ஆள் பற்றாது. பத்தொன்பது நத்தாருக்கும் மற்றவர்கள் வண்டி கொழுவிக்கொண்டு போவதை யன்னலால் பார்த்தவள். இந்த வருடம் நத்தாருக்கு முன் கொஞ்ச நாள் லீவு கிடைத்ததும் நீர்கொழும்பில் ஒருவனிடம் போனில் வான் பேசிவிட்டாள். வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிற, படுக்கையும் அடுப்பும் பிரிட்ஜும் வைத்த வான். மட்டக்களப்புப் பக்கம் இதைக் கண்ட பிள்ளைகள் 'வீட்டு வான், வீட்டு வான்' என்று பின்னால் ஓடினார்கள். சொந்தக்காரன் இரண்டு தரம் கேட்டானாம், மட்டக்களப்புக்கா, இப்போதா என்று. மார்கழியில் கிழக்குக்கு எந்த வெள்ளைக்காரனும் வருவதில்லை. "மழைதானே. நாங்க மழைக்குள்ள பிறந்தாக்கள்தானே," என்றாள் அமண்டா. மழைக்குள் பிறந்தவர்கள் மழைக்குள் ஊர் சுற்றப் போவதில்லை, வீட்டுக்குள் இருப்பார்கள் என்பது மெல்பேர்னில் மறந்துபோயிருக்க வேண்டும்.

பாசிக்குடாவில் ஹோட்டல்களின் கடற்கரைக் கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தரப்பாள் போட்டுக் கட்டியிருந்தன. கடல் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. காவல்காரன் ஒருவன் மழை அங்கியோடு வந்து, இங்கே நிறுத்தக்கூடாது என்று சொல்ல வாயெடுத்து, உள்ளே இருந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "ஆருமில்லத்தானே, நில்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். அமண்டா ஈரத் தலையோடு படம் எடுத்தாள். அவளுடைய படங்களில் எல்லாவற்றிலும் வானத்தின் ஒரு துண்டும் வைப்பர் கோடும் இருந்தன. வாகரைக்குப் போகிற வீதியைத் தண்ணீர் மூடிவிட்டது என்றார்கள். திரும்பி வந்து, தன்னாமுனையைக் கடக்கும்போது டஸ்டின் வேகத்தைக் குறைக்கவில்லை. தினுஷாவின் வீடு வீதியோரம்தான். வாசலில் அவளுடைய தையல் கடைப் பலகை நனைந்துகொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை அவன் பார்த்தான்.

டஸ்டினுக்கு நாற்பத்துமூன்று வயது. இரும்பு ஒட்டு வேலை, கிறில் வேலை. தகப்பன் ஹேர்பர்ட் டச்பாரில் சுனாமியில் கடலோடு போன பிறகு, திராய்மடுவில் கிடைத்த குடியேற்ற வீட்டில் அவனும் அம்மாவும்தான். அக்கா கலியாணம் முடித்துப் போய்விட்டாள். ஆள் ஒன்று அம்மாவோடு இருக்க வேண்டும். இருந்தான். இருபது வருடம் என்பதைப் பெரிய தியாகமாக அவன் யாரிடமும் சொன்னதில்லை. அப்படி இருந்துவிட்டது, அவ்வளவுதான். தினுஷா ஏழு வருடத்துக்கு முன்னர் வந்தாள். புருஷன் விட்டுப் போனவள். முதல் நாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அம்மா அவளைக் கதிரையில் இருத்தி, கேக் வெட்டிக் கொடுத்து, "விட்டுட்டுப் போனவன் மறுகா வந்தா எந்த வீட்டுக் கதவைத் தட்டுவான்?" என்று கேட்டாள். தினுஷா கேக்கைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. மாமி இருக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று ஒரு தரம் சொன்னாள், பிறகு சொல்லவேயில்லை.

அமண்டா அம்மாவுக்கு விசா எடுத்தாள். வெள்ளிக்கிழமை விடியப்புறம் கட்டுநாயக்காவில் விமானம். வியாழக்கிழமை காலையில் இங்கிருந்து புறப்பட்டால் போதும். அம்மாவுக்குச் சொன்னது மூன்று மாதம் என்று. போனில் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டது வேறு. அந்தப் பேச்சில் இருவருமே 'திரும்பி' என்ற சொல்லைப் பாவிக்காமல் கவனமாக இருந்தார்கள். அம்மாவின் சூட்கேஸ் வானின் பின் படுக்கைக்குக் கீழே இருந்தது. அம்மா ஏறினால் தினுஷா வருவாள். ஏறாவிட்டால் வரமாட்டாள். டஸ்டினுடைய மிச்ச வாழ்க்கை இதற்குள் அடங்கிவிட்டது.

பிறகு ஏன் இங்கே வந்தான்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் களுவாஞ்சிகுடியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் பமீலா சொன்னாள், மண்டூருக்குப் போவோம் என்று. குருமன்வெளித் துறையிலிருந்து மிதவைப் பாதையில் ஒருக்கால் வாவியைக் கடக்க வேண்டுமாம். இளமையில் ஹேர்பர்ட்டோடு அந்த மிதவையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாளாம். துறைக்குப் போனார்கள். இழுவை பலமாக இருக்கிறது, பாதை ஓடாது என்றான் துறையில் நின்றவன். "அப்ப பாலத்தால சுத்திப் போவம்," என்றாள் பமீலா. டஸ்டின் வாவியைப் பார்த்தான். தண்ணீர் துறைப் படிகளில் மூன்றை விழுங்கியிருந்தது. முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் திட்டி மூடிக் கிடக்க, மேலேயிருந்து வருகிற வெள்ளமெல்லாம் வாவிக்குள்ளேயே நிறையும். முதலில் தாழ்வது வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை வீதிகள்தான். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். டஸ்டின் வானைப் பாலத்துப் பக்கம் திருப்பினான். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தான். போரதீவைக் கடந்தான். ஒரு சாண் தண்ணீர் ஓடிய இரண்டு இடங்களில் கியரைக் குறைத்து மெதுவாகக் கடந்தான். மூன்றாவது இடத்தைக் கடந்தபோது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் திரும்பிப் போவதைக் கண்ணாடியில் கண்டான். அதன் பிறகும் ஓட்டினான்.

பமீலா கக்கூசால் திரும்பி வரும்போது கூடவே யோகராசா வந்தார். அந்த வட்டைக்கு வட்டவிதானை அவர். வாய்க்கால் திறப்பது, மூடுவது, யாருக்கு முதல் தண்ணீர் என்பது எல்லாம் அவர் சொல்வதுதான். இன்றைக்கு அவர் சொல்வதைக் கேட்கிற தண்ணீர் எதுவும் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டி, தலைக்கு உரப்பையைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். பறங்கிப் பெண்களை நோனா என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"தம்பி, வானுக்குள்ள டீவி மட்டும்தான் இல்லயாம். நோனா சொன்னா."

"பிரிட்ஜும் வேல செய்யல்ல அண்ணன்."

"அப்ப எங்கட வீடு மாதிரித்தான்." யோகராசா உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகு வயலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "விதைச்சதெல்லாம் தண்ணிக்குள்ள. நாலு நாள் தாங்கும். அஞ்சாம் நாள் அழுகும். இண்டைக்கு மூண்டு. வெட்டுங்க வெட்டுங்க எண்டு நாங்க கத்திறம். மீன்காரன் வெட்டாத எங்கான், வெள்ளாமைக்காரன் வெட்டு எங்கான். கூட்டம் போட்டுக் கதைக்காங்க."

"வெட்டினா எப்ப வடியும்?"

"வீதி தெரிய ரெண்டு நாள் செல்லும். நீங்க எப்ப போகணும்?"

"நாளைக்குக் காலையில."

"நாளைக்கெண்டா உழவு மெசின்ல தான். பின்னால கொழுவிற பெட்டியில ஏத்திப் பாலம் வரைக்கும் விடலாம், அங்கால வேற வான் பிடிக்கலாம். வான் இஞ்சயே நிக்கட்டும், ஆரும் களவெடுக்கமாட்டான். கக்கூசோட வானைக் களவெடுத்து என்ன செய்யிற?" சிரித்தார். "ஆனா வெட்டிட்டாங்களெண்டா தண்ணி இழுக்கும். வீதிக்கரை அரிச்சிப் போயிரிக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

பமீலா குடையை உதறி மடித்தாள். பேச்சு முழுவதையும் கேட்டுவிட்டு வானுக்குள் ஏறினாள்.

போனுக்குக் களஞ்சியத்தின் மூட்டை ஏற்றும் மேடையில்தான் சிக்னல் இருந்தது. பத்து மணிக்கு அங்கே போய் நின்றபோது தினுஷாவின் அழைப்பு வந்தது.

"எங்க நிக்கிறீங்க?"

"மண்டூர்ப் பக்கம். வெள்ளம்."

பின்னணியில் தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டு, நின்றது.

"முகத்துவாரம் வெட்டாம அங்கால என்னத்துக்குப் போன?"

"மம்மி கேட்டா."

"கேட்டா. ஓம். அவ கேட்டா நீ போவ. ஏழு வருசமா எனக்குத் தெரியும். பாலத்தைத் தாண்டேக்குள்ள தண்ணி தெரியல்லயா?"

"தெரிஞ்ச."

"அப்ப வெள்ளமெண்டு எனக்குச் சொல்லாத டஸ்டின். வேற என்னமும் சொல்லு." அவள் குரல் உயரவில்லை. "கோவமில்ல. நத்தார் உடுப்பு பத்துப் பதினைஞ்சு கிடக்கு தைக்க. போனை வை."

அவன் மேடையிலேயே நின்றான். கூரைத் தகரத்தின் ஓரத்தால் மழை நூல் நூலாக விழுந்தது. தினுஷாவுக்குச் சொல்லப் பதில் ஒன்றைத் தேடினான். பாலத்தில் வைத்து என்ன நினைத்தேன் என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். ஒன்றும் நினைக்கவில்லை. கை ஸ்டியரிங்கைத் திருப்பியது, கால் அழுத்தியது. அம்மா போகக்கூடாது என்று ஒரு கணம்கூட அவன் ஆசைப்பட்டதில்லை, அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அவள் போவதற்கு வண்டி ஓட்டிய ஆளாக இருக்க அவனுக்கு விருப்பமில்லை. வெள்ளம் மறித்தது என்றால் வெள்ளம். வெள்ளம் விட்டது என்றால் அதுவும் வெள்ளம்.

மத்தியானத்துக்குப் பிறகு மழை இன்னும் இறுகியது. மேலே தூக்கி விரிக்கிற கூரையின் துணித் தையலால் தண்ணீர் ஒழுகி, அமண்டா வைத்த பாத்திரத்துக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மூன்று பேருக்கும் முழங்கால் முட்டுகிற மடிப்பு மேசை. அமண்டா அடுப்பில் மீன் ரின் ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். பமீலா வெங்காயம் உரித்தாள். கண்ணாடிகளெல்லாம் மூச்சில் புகைந்திருந்தன. வெளியே எதுவும் தெரியவில்லை. தவளைச் சத்தம் மட்டும்.

"டஸ்டின்."

"ம்."

"எண்ட அறைக்கு என்னத்துக்குப் பெயின்ற் அடிச்ச?"

அமண்டாவின் கரண்டி நின்றது.

"சுவர் பூஞ்சணம் பிடிச்சிரிந்ததே மம்மி."

"பூஞ்சணம் இருவது வருசமா இரிக்கு. மூண்டு மாசம் ஊர் பாக்கப் போறவட அறைக்கு ஏன் இப்ப? ரெண்டு நாள் என்ன ஹோலில படுக்க வச்சு?" அவள் வெங்காயத் தோலை விரலால் வழித்து மேசையில் வைத்தாள். "அதுவும் நீலம். எனக்கு நீலம் பிடிக்காதெண்டு உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு நீலம் பிடிக்குமா?"

அவன் வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினான். பிடிக்கும். தினுஷாவே கடைக்கு வந்து நிற அட்டையில் விரல் வைத்துக் காட்டிய நீலம் அது.

"மம்மி," என்றாள் அமண்டா. முகத்தைத் திருப்பாமல் சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மூண்டு மாசமில்ல. விசா ஒரு வருசத்துக்கு. மறுகா நீட்டிக்கலாம்."

"ஓ."

"நான் சொல்லியிரிக்கணும். வரமாட்டீங்களெண்டு பயந்த."

"உன்ட வீட்டில பகல்ல ஆர் இரிப்பா?"

"ஆருமில்ல. எனக்கு வேல. பகல்ல ஒரு இடத்தில கொண்டுபோய் விடுவன். வயது போனாக்கள் எல்லாரும் வருவாங்க. சாப்பாடு, பாட்டு எல்லாம் இரிக்கு. பின்னேரம் வந்து கூட்டிப்போவன்."

"பள்ளிக்கூடம் மாதிரியா?"

"ஓம்... அப்படித்தான்."

"யூனிபோம் இரிக்கா?"

அமண்டா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அழவும் வரவில்லை. ஒரு நாளைக்குப் பதினாறு கிழவர்களைக் குளிப்பாட்டுகிறவள் அவள். எந்தக் கிழவி எப்போது என்ன சொல்லுவாள் என்று தெரிந்தவள். இந்தக் கிழவிக்கு மட்டும் கைவசம் ஒன்றும் இருக்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

டஸ்டினுக்குத் தலைக்குள் சூடேறியது. அகப்பட்டுக்கொண்டவனுக்கு வருகிற கோபம்தான்.

"நீங்க வேணுமெண்டுதானே இஞ்ச கூட்டிப்போகச் சொன்னீங்க? பாதையில போகணும், டடாவோட போன... எல்லாம் சும்மா. வெள்ளத்துக்குள்ள மறிச்சு வைக்கத்தானே?"

பமீலா அவனை நேரே பார்த்தாள். வெங்காயத்தால் கண் சிவந்திருந்தது.

"ஓம். வேணுமெண்டுதான்," என்றாள். "கேட்டது நான். வானை ஓட்டினது ஆர்?"

பாத்திரத்தில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. அமண்டா அதை எடுத்து, கதவைத் திறந்து, தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தாள். இப்போது சொட்டின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"கத்திப் பிரியோசனமில்ல மனே," என்றாள் பமீலா. குரல் இறங்கியிருந்தது. "நீ ஒண்டும் குறை வைக்கல்ல. சாப்பாடு தந்த. மருந்து தந்த. அந்தப் பிள்ளையைப் பேசினது எண்ட பிழ. பேசின வாயை என்ன செய்யிற, தைக்கவா? அவள்தான் தையல்காரியாச்சே." தானே சொன்னதுக்குத் தானே மூக்கால் ஊதினாள். "ஒண்டே ஒண்டு சொல்லு. அக்காவப் பாக்காத. என்னப் பாரு. நான் போகவா, நிக்கவா?"

போங்க என்று சொன்னால் முடிந்தது. மூன்றெழுத்துச் சொல். நாற்பத்துமூன்று வயது ஆண்பிள்ளை, இரும்பை வெட்டி ஒட்டுகிறவன். அவனுடைய வாய் திறந்தது.

"வெள்ளம் வடியட்டும் மம்மி. பாப்பம்."

"வெள்ளம் வடிஞ்சா உன்னட்டக் கேக்கத் தேவையில்லையே," என்றாள் பமீலா. வெங்காயத்தை அமண்டாவின் பக்கம் தள்ளிவிட்டு, கால்களைத் தூக்கிப் படுக்கையில் வைத்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சோறு எடுத்து வைத்தபோது எழுந்து எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிட்டாள். உப்புக் குறைவு என்றாள்.

பொழுதுபடுகிற நேரம் யோகராசா தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். வெட்டிவிட்டார்கள். முகத்துவாரத்தில் மண் வெட்டுகிற மெசின் இறக்கி, மூன்று மணிக்கே வெட்டிவிட்டார்கள். அவருடைய முகம் பத்து வயது குறைந்திருந்தது. வானின் பக்கவாட்டில் கையால் தட்டினார். "இப்பவே இழுக்கத் தொடங்கிட்டு. விடியப் பாருங்க. என்ன தம்பி, நாளைக்கு மெசினா, இல்ல ரெண்டு நாள் நிண்டு ஆறுதலாப் போறீங்களா?"

"விடியச் சொல்றன் அண்ணன்," என்றான் டஸ்டின். அமண்டா வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். அவளுடைய லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. விமானம் தவறினால் அவள் தனியே போவாள். அம்மாவுக்குத் தனியே ஏறத் தெரியாது, தெரிந்தாலும் ஏறமாட்டாள். இதை ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு டஸ்டின் எழுந்தான். மழை விட்டிருந்தது. சீமெந்துத் தளத்தைச் சுற்றிய தண்ணீர் நேற்று மாதிரிச் சும்மா நிற்கவில்லை. வைக்கோல் துண்டுகளும் நுரையும் கிழக்கே வாவிப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் நின்றால் போதும். ஒருவரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வானுக்குள் இருந்தாலே எல்லாம் தன்பாட்டில் முடிந்துவிடும். தினுஷாவும் முடிந்துவிடுவாள். அவள் சத்தம் போடமாட்டாள். உடுப்புத் தைத்துக்கொண்டிருப்பாள். அவன் காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, யோகராசாவின் கதவைத் தட்டினான்.

"மெசினை எடுங்க அண்ணன்."

திரும்பி வந்தபோது பமீலா உடுத்தி முடித்துப் படுக்கையில் இருந்தாள். கோயிலுக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்து. பவுடர் பூசியிருந்தாள். சூட்கேஸ் கதவடியில் இருந்தது. யார் இழுத்து வைத்தது என்று அவன் கேட்கவில்லை. அவள் அவன் முகத்தையும் நனைந்த காலையும் பார்த்தாள்.

"தட்டினியா?"

"ஓம்."

"சரி," என்றாள். "கதிரை ஒண்டு கேளு. பெட்டிக்குள்ள குந்திப் போக எனக்கு ஒண்ணா."

யோகராசாவின் வீட்டிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை வந்தது. அதைப் பெட்டியின் நடுவில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். பமீலாவை ஏற்றுவதுதான் பெரிய பாடாக இருந்தது. டஸ்டின் அக்குளில் பிடித்துத் தூக்க, யோகராசா காலைத் தாங்க, அமண்டா மேலே நின்று இழுக்க, மூன்றாம் தரத்தில்தான் ஏறினாள். "எத்தின மூட்டை நெல்லு ஏத்தின பெட்டி இது. நோனாவைப்போல பாரம் கண்டதில்ல," என்றார் யோகராசா மூச்சு வாங்கிக்கொண்டு. "நெல்லுக்கு வாயில்லையே, இரிந்தா அதுவும் உன்னைப் பேசியிரிக்கும்," என்றாள் பமீலா. அமண்டா கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டித் தளத்தில் இருந்தாள். மெசின் இருமிப் புகை கக்கிப் புறப்பட்டது. வான் பின்னால் சிறிதாகிக்கொண்டு போனது.

முதல் அரை மைல் சும்மா போனார்கள். தண்ணீர் சில்லின் பாதிக்கு ஏறியது. பிறகு வீதி வளைகிற இடம் வந்தது. அங்கே தண்ணீர் வீதியைக் குறுக்கே வெட்டி, சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. வீதியும் தெரியவில்லை, பக்கத்து வாய்க்காலும் தெரியவில்லை. யோகராசா நிறுத்தினார். எழுந்து நின்று பார்த்தார்.

"முன்னுக்கு ஒராள் நடக்கணும் தம்பி. தாரைக் காலால பாத்துப் பாத்து நடந்தா, உங்களுக்குப் பின்னால நான் வருவன். நான் இறங்கினா மெசினை ஆர் பிடிக்கிற?" ஒரு நீளக் கம்பை எடுத்து நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இல்லாட்டித் திரும்புவம். நோனாவும் இரிக்கா. நீங்க சொல்லுறதுதான்."

டஸ்டின் கம்பை வாங்கிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. குளிர் வயிற்றைக் கவ்வியது. கால்விரலால் துழாவினான். தாரின் சொரசொரப்பு. ஓர் அடி வைத்தான். கையைத் தூக்கி வா என்று காட்டினான். பின்னால் மெசின் உறுமி ஓர் அடி வந்தது. மறுபடி துழாவினான். தார். மறுபடி. இழுவை அவனை இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. எதிர்த்துக் காலை ஊன்றினான். கண்ணுக்கு முன்னால் மண்நிறத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. தண்ணீரைப் பார்க்கப் பார்க்க, தானே பக்கவாட்டில் போவது மாதிரி இருந்தது. கம்பை ஊன்றினான். கம்பு மண்ணுக்குள் இறங்கியது. எடுத்து வேறிடத்தில் ஊன்றினான். அங்கும் இறங்கியது. கால் விரல்களுக்குக் கீழே தார் முடிந்து, சரளைக் கல் உருண்டது. எந்தப் பக்கம் வீதி என்று அவனுக்குத் தெரியவில்லை. நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், அந்த உயரத்தில், சிவப்புக் கதிரையில், பவுடர் பூசிய முகம் தெரியும்.

பின்னால் மெசின் சத்தத்துக்கு மேலாக அம்மாவின் குரல் வந்தது. மேலே இருந்தவளுக்கு வீதியோர மின்கம்ப வரிசை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்.

"இடப்பக்கம் போகாத மடையா! அது வாய்க்கால். வலப்பக்கம் வை காலை. வலப்பக்கம்!"

அவன் வலப்பக்கம் காலை வைத்தான். தார் இருந்தது.

"அப்படித்தான். இன்னும் கொஞ்சம். இன்னும். இப்ப நேரா."

அவன் கையைத் தூக்கினான். மெசின் அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.